பரமேஸ்வரியின் முதல் லைவ்

பெம்பான் கோயில் மண்டபம். சனிக்கிழமை காலை. அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேலை விற்கும் தனலட்சுமி. ஜாசினிலிருந்து வந்தவர். கையில் இரண்டு ஃபோன்.

மணியம். ஆட்டுப் புழுக்கையைக் காயவைத்துப் பையில் கட்டி, பூச்செடி உரம் என்று விற்பவர்.

முறுக்கு விற்கும் பரமேஸ்வரி. பெம்பான்காரர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வருகைப் பதிவுக்கும் தேநீருக்கும் பொறுப்பான அதிகாரி ஒருவர். பத்து மணிக்குப் போய்விட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த விக்னேஷ். கோலாலம்பூர். வயது இருபத்தொன்பது. வெள்ளைக் காலணி.

கடைசியாக நான். ஊர் தங்கா பத்து. விற்பது கருவாடு.

நாற்காலி நாற்பது போட்டிருந்தார்கள்.

ஆன்லைன் வியாபாரிகளுக்கு இரண்டு நாள் இலவசப் பயிற்சி. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. லாரி ஓட்டினேன். முதுகு போனது. கருவாட்டுக்கு வந்தேன். கோலா சுங்கை பாருவில் வாங்கி, கட்டி, படம் போட்டு, கொரியரில் அனுப்புகிறேன். இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர் வருகிறார் என்றால் போய்த்தானே பார்க்க வேண்டும்?

முதல் நாள் நன்றாகவே இருந்தது.

படத்தை ட்யூப்லைட்டின் கீழே எடுக்காதீர்கள், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள் என்றார் விக்னேஷ். என் நெத்திலியை எடுத்துக் காட்டினார். பழைய படத்தில் அது செத்த மீன். புதிய படத்தில் உணவு.

கேட்டவருக்கு ஐந்து நிமிடத்துக்குள் பதில் போடுங்கள் என்றார். பெயர், முகவரி, ஃபோன் நம்பர், எத்தனை வேண்டும் — நான்கு வரியில் ஒரு ஆர்டர் படிவம் செய்துகொடுத்தார். அதுவரை நான் பெயரை இன்று கேட்டு முகவரியை நாளை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பார்சல் கட்டியதும் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள் என்றார். பரமேஸ்வரி ஒரு முறுக்குப் போத்தலைக் கட்டிப் போட்டார். பிரித்தால் முறுக்கு முழுதாக இருந்தது. மணியத்தையும் போடச் சொன்னார்.

"இது உடைய என்னா இருக்கு தம்பி?" என்றார் மணியம். ஆனாலும் போட்டார்.

இரண்டாம் நாள் கதை.

"பொருளை யாரும் வாங்கறதில்ல. ஆளத்தான் வாங்கறாங்க. முறுக்கு ஆயிரம் பேர் விக்கிறான். உங்ககிட்ட ஏன் வாங்கணும்? உங்க கதைதான் காரணம். கதைதான் உங்க பிராண்ட்."

ஆளுக்கு இரண்டு நிமிடம். எழுந்து நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். முதலில் என்னை அழைத்தார்.

"லாரி ஓட்டினேன். முதுகு போச்சு. கருவாடு விக்கிறேன்."

"அண்ணே, இன்னும் ஒன்னே முக்கால் நிமிசம் இருக்கு. கொஞ்சம் இமோஷன் கொடுங்க."

யோசித்தேன்.

"முதுகு ரொம்ப வலிச்சது."

தனலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டார். விக்னேஷ் என்னை உட்காரச் சொன்னார்.

மணியம் எழுந்து, "ஆட்டுக்குக் கதை இருக்கும், எனக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தனலட்சுமி சொன்னது சேலைக் கதை. நீளம்.

அடுத்து பரமேஸ்வரி. எழுந்து நிற்கவே யோசித்தார். நின்ற பிறகு வெள்ளைப் பலகையைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வீட்டுக்காரர் மார்ச்சுல போயிட்டாரு. ஹார்ட். ஞாயித்துக்கிழமை. நான் மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். போத்தலுக்கு மூடி போடுறது எப்பவும் அவருதான். எனக்குக் கையில எண்ணெ இருக்கும், வழுக்கும். அன்னிக்கு பன்னெண்டு போத்தல் மூடி போட்டாரு. பதிமூணாவது போடல. மக அஞ்சாம் பாரம் படிக்குது. நான் ஃபேக்டரி கேன்டீன்ல இருந்தேன். இப்ப முறுக்கு மட்டும்தான்."

அவ்வளவுதான் சொன்னார். ஒன்றரை நிமிடம் இருக்கும்.

தனலட்சுமி ஃபோனைக் கீழே வைத்தார். மணியம் தரையைப் பார்த்தார்.

"அக்கா," என்றார் விக்னேஷ். "இதான். இத அப்படியே லைவ்ல சொல்லுங்க. தீபாவளி வருது. போத்தல் பறக்கும்."

அந்த மண்டபத்தில் அப்போது ஐந்து தமிழர்கள் இருந்தோம். நான்கு பேராவது சாவு வீடு பார்த்தவர்கள். ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

தோன்றவில்லை. ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் அம்புக்குறிகள் போட்டிருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு வருவதில்லை.

கடைசியில் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவர் முதல் லைவ் செய்யும்போது மற்றவர் கூட இருக்க வேண்டும். சேலையும் புழுக்கையும் ஒரு ஜோடி. முறுக்கும் கருவாடும் ஒரு ஜோடி.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.

அவர் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கணவர் இருந்தவரை அக்கம்பக்கத்தில்தான் விற்றார்கள். போன தீபாவளிக்கு நூற்று எண்பது போத்தல். கணவர் போனபிறகு அந்த ஆர்டர்கள் நின்றுவிட்டன. ஏப்ரலில் ஆன்லைனுக்கு வந்தார். ஜொகூர், கிள்ளான், ஈப்போ — முகம் தெரியாதவர்கள் வாங்கினார்கள். ருசி பார்த்தவர்கள் மறுபடியும் கேட்டார்கள். நான் போன அன்று தீபாவளி ஆர்டர் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு போத்தல் கையில் இருந்தது. அதை நம்பித்தான் கேன்டீன் வேலையை விட்டிருந்தார். அந்த இடத்துக்கு வேறு ஆளும் எடுத்துவிட்டார்கள். மாவும் எண்ணெயும் வாங்கி அடுக்கியாகிவிட்டது. காலி போத்தல்கள் வரவேற்பறைச் சுவரோரம் கூரைவரை நின்றன.

இந்த முறுக்கு போகாவிட்டால் அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை.

அடுக்களையில் அவர் நாத்தனார் செல்வி அடுப்பில் இருந்தார். இறந்தவரின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் வந்து சுட்டுக்கொடுப்பார். வாய் கொஞ்சம் அதிகம்.

"கருவாட்டண்ணன் வந்துட்டாரு. முறுக்குல வாட வந்துரப் போவுது, ஃபோன தள்ளிப் பிடிங்க" என்றார்.

ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டோம். ஃபோனை நான் பிடித்துக்கொண்டேன். ஆரம்பிக்கும் முன் பரமேஸ்வரி என்னைப் பார்த்தார்.

"அண்ணே... அவரு போனத சொல்லலாமாண்ணே?"

"சொல்லும்மா. பயிற்சியில சொன்னாங்கல்ல."

இதைச் சொன்னது நான். விக்னேஷ் இல்லை. நான்தான்.

நாற்பது நிமிடம் லைவ் போனது. முதலில் ஏழு பேர் பார்த்தார்கள். பதிமூன்றாவது மூடியைப் பற்றிச் சொன்னபோது நானூறு பேர். திரையில் சிவப்பு இதயங்களாக ஏறின. 'அக்கா அழாதீங்க' என்று எழுதினார்கள். அவர் அழவில்லை. லைவ் முடிவதற்குள் புது ஆர்டர் பத்தொன்பது போத்தல்.

"பரவால்லியே," என்றார் செல்வி. அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

விக்னேஷிடமிருந்து பாராட்டாக நெருப்புப் படம் மூன்று ஃபோனில் வந்தது.

நான் வேனை எடுத்துக்கொண்டு தங்கா பத்துவுக்குத் திரும்பினேன். வீட்டில் என் மனைவி சோறு போட்டு வைத்திருந்தாள். அவளும் லைவ் பார்த்திருந்தாள்.

"நல்லா பேசினாங்கல்ல?" என்றேன்.

"நல்லாத்தான் பேசுனாங்க." ரசத்தை ஊற்றினாள். "துக்க வீட்டுச் சட்டின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கீங்க. இனிமே எவ வாங்குவா?"

கை சோற்றில் அப்படியே நின்றது.

துக்கம் நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. பலகாரம் சுடுவதில்லை. சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வீட்டுச் சட்டியில் சுட்டதை இன்னொரு வீட்டில் சாமிக்கும் செத்தவர்களுக்கும் படைக்க மாட்டார்கள். வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். தெரிந்த நாங்களே மறந்தோமே.

எப்படி மறந்தேன்? என் அப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டிலும் சட்டி வைக்கவில்லை. பக்கத்து லயத்து வீட்டிலிருந்து நெய் உருண்டை வந்தது. நானே தின்றிருக்கிறேன்.

"அவங்க வீட்டுக்கா சுடறாங்க? விக்கத்தானே சுடறாங்க?" என்றேன் மனைவியிடம்.

"என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? வாங்கறவகிட்ட சொல்லுங்க."

திங்கட்கிழமை பெம்பானுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. போக வேண்டும் என்று இருந்தது.

செல்வி கதவைத் திறந்தார். நேரே அடுப்புக்குத் திரும்பினார்.

பரமேஸ்வரி முறுக்கு அச்சைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார். கை முழுக்க மாவு. ஃபோன் மேசைமேல் துள்ளிக்கொண்டே இருந்தது.

"நீங்க படிங்கண்ணே. எனக்குக் கை ஒழியல."

எடுத்துப் படித்தேன்.

"கிள்ளான். ஆறு போத்தல். 'அக்கா தப்பா நெனைக்காதீங்க, மாமியார் ஒத்துக்கல.'"

"ம்."

"ஈப்போ. நாலு. 'இந்த வருசம் வேணாம், அடுத்த வருசம் கண்டிப்பா வாங்குறேன்.'"

"ம்."

"பாகோ. பத்து. 'சாரிக்கா, படையலுக்கு வைக்கணும், வீட்டுல பெரியவங்க இருக்காங்க.'"

"அது டீச்சரம்மா. மாசாமாசம் வாங்குவாங்க." அச்சை அழுத்தினார். முறுக்கு ஒரே அளவாகச் சுற்றி விழுந்தது. "அடுத்தது படிங்க."

ஒருவர்கூடத் திட்டி எழுதவில்லை. எல்லோரும் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். திட்டியிருந்தால் படிக்க எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

லைவில் இதயம் போட்டு ஆர்டர் செய்த பத்தொன்பது போத்தல்? முதலில் ரத்தானது அதுதான்.

அதற்குமேல் செல்விக்குப் பொறுக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் ஏன் வாங்கறத நிறுத்துனாங்கன்னு இப்பவாச்சும் தெரியுதா அண்ணி?"

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா லைவ்ல போய்ச் சொன்னீங்க?"

"சார் சொன்னாரு. அண்ணனும் சொன்னாரு." நிமிராமல் பிழிந்துகொண்டே சொன்னார். "எனக்கு மனசுக்குள்ள வேணாம்னுதான் இருந்துச்சு. படிச்சவங்க சொல்றாங்களே, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை.

ஆன்லைனில் யார் வீட்டு அடுப்பு என்று யாருக்கும் தெரியாது. பரமேஸ்வரிக்கு அதுதான் வசதியாக இருந்தது. அதை நம்பித்தான் அவர் அங்கே வந்தார். நாங்கள் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அந்தக் கதவைத் திறந்துவைத்தோம். தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் வியாபாரம் வளரும். சரி. தெரிந்ததையே சந்தேகப்பட வைத்தால்?

புதன்கிழமைக்குள் நூற்று நாற்பத்தெட்டு போத்தல் ரத்தானது. மிஞ்சியது எண்பத்து மூன்று. மலாக்காவில் ஒரு சீன அலுவலகம். இரண்டு மலாய் ஆசிரியைகள். 'நாங்க அதெல்லாம் பாக்கறதில்லக்கா' என்று எழுதிய சில தமிழ் வீடுகள்.

முன்பணம் கொடுத்தவர்களுக்கு அன்றன்றே திருப்பி அனுப்பினார். ஒருவரையும் காக்க வைக்கவில்லை.

பரமேஸ்வரி வீட்டிலிருந்து விக்னேஷுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, சத்தியமா எனக்கு இது தெரியாதுண்ணே. எங்க வீட்டுல அப்பா, அம்மா, தாத்தா எல்லாரும் இருக்காங்க. எங்க வீட்டுல இன்னும் யாரும்..."

இருபத்தொன்பது வயது. வீட்டில் இன்னும் சாவு விழவில்லை. அது ஒரு குற்றமா?

ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன்.

"அக்கா, ஒன்னும் பயப்படாதீங்க. அந்த வீடியோவ டிலீட் பண்ணிடலாம். வேற பேர்ல புது பேஜ் தொறக்கலாம். புது லேபிள். ரெண்டு நாள் வேல, நானே பண்ணித் தரேன். காசு வேணாம்."

"வேணாம் தம்பி."

"ஏன்க்கா? போலே லா, முடியும், ஈசிதான்."

"பேர மாத்தினா அவரு சாகலன்னு ஆயிருமா?"

என்னிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"தாப்பா தம்பி, பரவால்ல. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அந்த வீடியோ இருக்கட்டும். அவரப் பத்தி நான் பேசுனது அது ஒன்னுதான் இருக்கு."

ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு மாவு சலிக்கப் போனார். யாருக்குச் சலிக்கிறார் என்று செல்வியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு குரல் பதிவு வந்தது. கூலாயிலிருந்து ஓர் ஆண். மெதுவாகப் பேசினார். மூன்று பேரும் நின்றபடி கேட்டோம்.

"அக்கா வணக்கம். உங்க வீடியோவ எனக்கு ஒருத்தர் அனுப்பியிருந்தாங்க. எங்கம்மா ஜூன்ல தவறிட்டாங்க. இந்த வருசம் எங்க வீட்டுல சட்டி வைக்கல. அம்மா இருந்தப்ப எந்த வீட்டுல துக்கம்னாலும் தீபாவளிக்கு மொத நாளு பலகாரம் தூக்கிக்கிட்டுப் போவாங்க. இப்ப எங்க வீட்டுக்குக் கொண்டுவர யாரும் இல்லக்கா. அண்ணன் சிங்கப்பூர்ல. இந்தத் தாமான் குடியிருப்புல யாரு வீட்டுல என்னான்னு யாருக்கும் தெரியாது. கதவு பூட்டியேதான் கெடக்கு. புள்ளைங்க முறுக்கு கேக்குதுங்க. கடையில வாங்க மனசு வரல. உங்க வீட்டுலேருந்து வந்தா... அது பரவால்லதானக்கா? உங்களுக்கும் இதே நெலமதான. மூணு போத்தல் அனுப்ப முடியுமா?"

செல்விதான் முதலில் பேசினார்.

"துக்க வீட்டுலேருந்து துக்க வீட்டுக்கா? இது எந்த ஊரு வழக்கம்?"

"புள்ளைங்க கேக்குதுங்கன்னு சொல்றாருல்ல."

"சரி, அனுப்புங்க. காசு எப்புடி வாங்குவீங்க அண்ணி? துக்க வீட்டுக்குக் குடுக்கறதுதான, விக்கறதா?"

பரமேஸ்வரி ஈரக்கையைத் துடைத்தார்.

"வாங்குவேன். நானும் துக்க வீடுதான். எனக்கு எவ கொண்டாந்து குடுக்கப் போறா?"

செல்வி மூன்று போத்தலை எடுத்துவைத்தார். அவர் கட்டிய தூக்குச்சட்டியும் அண்ணன் வீட்டுக்கு வர முடியாது. கூடப்பிறந்தவர் என்பதால் அவருக்கும் அதே தீட்டுதான்.

மூன்று போத்தல் கூலாய்க்குப் போனது. நான்தான் கொரியரில் போட்டேன்.

சனிக்கிழமை இன்னும் இரண்டு வீடுகள் கேட்டன. ஒன்று சிரம்பான். ஒன்று இங்கேயே, கோலா சுங்கை பாருவில். நான் மீன் வாங்கும் இடத்திலிருந்து நாலு கடை தள்ளி. இத்தனை வருடம் அந்த வழியாகப் போகிறேன். அந்த வீட்டில் சாவு விழுந்தது எனக்குத் தெரியாது.

அன்று மாலை பரமேஸ்வரி என்னை உட்காரச் சொன்னார்.

"அண்ணே, நான் சொல்றத டைப் பண்ணுங்க."

"படம் எடுக்க வேணாமா?"

"வேணாம்."

அவர் சொன்னதை நான் ஒரு விரலால் தட்டினேன். மொத்தம் மூன்று வரி.

'இந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடுகளுக்கு முறுக்கு அனுப்புகிறோம். எங்கள் வீட்டிலும் துக்கம். பெம்பான், பரமேஸ்வரி.'

பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் வரியில் சந்தோஷம் இருக்க வேண்டும். லைவில் பேசினாலும், எழுதும் விளம்பரத்தில் சாவு, நோய், துக்கம் என்ற சொற்கள் கூடவே கூடாது. படமில்லாமல் எதையும் போடக்கூடாது. எல்லோரையும் அழைக்க வேண்டும், யாரையும் விலக்கக்கூடாது. இதில் எதையாவது நாங்கள் கடைப்பிடித்தோமா? இல்லை.

ஆனால் கீழே அந்த நான்கு வரிப் படிவத்தை வைத்தோம். பெயர், முகவரி, ஃபோன் நம்பர், எத்தனை போத்தல். அது விக்னேஷ் கொடுத்தது. அது இல்லாவிட்டால் நான் தடுமாறியிருப்பேன். பார்சலைக் கட்டிப் போட்டுப் பார்த்ததும் அவர் சொன்னபடிதான். ஒரு முறுக்கும் உடைந்து போய்ச் சேரவில்லை. அந்தத் தம்பிக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

படிவத்தில் பரமேஸ்வரி ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

'தவறியது யார்?'

"அது எதுக்கும்மா? கேட்டா சங்கடப்பட மாட்டாங்களா?"

"விருப்பம் இருந்தா எழுதட்டும்."

எல்லோரும் எழுதினார்கள். மற்ற நான்கு வரியைப் பாதியில் விட்டவர்கள்கூட அந்த வரியை நிரப்பியிருந்தார்கள்.

அம்மா. அப்பா. அப்பா. மாமியார். கணவர், முப்பத்தெட்டு வயது. தம்பி, மோட்டார் சைக்கிள். அம்மா. பெரியம்மா, என்னை வளர்த்தவர். குழந்தை.

அந்தக் கடைசிப் படிவத்தை நான் படித்தபோது பரமேஸ்வரி அச்சைக் கீழே வைத்தார். அதுவரை ரத்தானவற்றைப் படிக்கும்போதெல்லாம் அவர் கை நிற்கவில்லை. இதற்கு நின்றது. பிறகு எழுந்துபோய் அந்த வீட்டுக்கான போத்தலை அவரே அடுக்கி, அவரே மூடியும் போட்டார். வழுக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு திருகினார்.

அடுத்த மூன்று வாரமும் வேலை இருந்தது. செல்வி சுட்டார். பரமேஸ்வரி பிழிந்தார். நான் கட்டினேன், கொண்டுபோய்ப் போட்டேன். என் கருவாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் போகவில்லை. ஐந்து மணிநேரம் ஆனது. யாரும் ஓடிவிடவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன் மாவு தீர்ந்தது. சுவரோரம் இருந்த காலி போத்தல்கள் ஏழோ எட்டோதான் மிச்சம். மகள் அவற்றைப் பேனா வைக்க எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் ஒரு படிவம் வந்தது. இது ஆர்டர் படிவமில்லை. பயிற்சி நடத்தியவர்கள் அனுப்பியது. பயிற்சிக்குப் பிறகு உங்கள் வியாபாரம் எப்படி என்று கேட்டிருந்தார்கள். எனக்கும் வந்தது. பரமேஸ்வரிக்கும் வந்தது. அவருடையதையும் நான்தான் நிரப்பினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

போன தீபாவளிக்கு எத்தனை விற்றீர்கள்? நூற்று எண்பது.

இந்தத் தீபாவளிக்கு? இருநூற்று இருபத்து நான்கு.

விழுக்காட்டில் சொல்லவும் என்று இருந்தது. எனக்கு வராது. ஃபோனில் தட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கு விழுக்காடு கூடியிருக்கிறது.

ஆக, பயிற்சி பலன் கொடுத்தது. கோலாலம்பூரில் ஓர் அறிக்கையில் அப்படித்தான் ஏறும். பொய்யும் இல்லை. படிவத்தில் உள்ள எந்தக் கட்டத்திலும் பொய் எழுதவில்லை. நூற்று நாற்பத்தெட்டு ரத்தானதை எழுத அதில் கட்டமே இல்லை.

"அவ்வளவுதானாண்ணே?"

"இன்னும் ஒன்னு இருக்கு. பயிற்சிக்குப் பிறகு வந்த புது வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்ன்னு கேட்டிருக்காங்க."

"ஆளா, வீடா?"

"எப்படி வேணும்னாலும் எழுதலாம்."

பரமேஸ்வரி ஃபோனை வாங்கிக்கொண்டார். மூன்று வரிக்குக் கீழே வந்த படிவங்களை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். பெயரைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வரியைப் பார்த்துத்தான் எண்ணினார். உதடு அசைந்தது. அவசரப்படவில்லை. நடுவில் ஒரு இடத்தில் தப்பிவிட்டது போல, திரும்பவும் மேலே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அறுபத்து நான்கு.